பால் கறக்கிற மெசினைக் கடைசியா வாங்குங்கோ: வன்னியில குடும்பப் பண்ணையைத் திருத்த நினைக்கிற ஆக்களுக்கு

எங்கட பட்டி மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில. எல்லாமாச் சேர்த்து 27 உருப்படி, அதில கறவை 12, கூடவும் ஜேர்சிக் கலப்பு. 2023 கடைசியில நான் முதல் வேலையா மெசினைத்தான் வாங்கினனான். வாங்கி ஏழு மாசம் அது தீவனச் சாக்கால மூடினபடி கொட்டில் மூலையில கிடந்தது, ஏனெண்டால் கரண்ட் சரியில்லை, தண்ணி இல்லை, பூட்டிக் கழட்டத் தெரிஞ்ச ஆளும் இல்லை. அப்பா ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து போகேக்க ஒண்டும் சொல்லமாட்டார், செருமிப்போட்டுப் போவார். அந்தச் செருமலை நீங்கள் கேக்கக்கூடாதெண்டுதான் இதை எழுதுறன். கீழ இருக்கிற ஒழுங்கிலயே செய்யுங்கோ. விலையெல்லாம் நான் 2023 கடைசியிலயும் 2024லயும் குடுத்தது, இப்ப கூடியிருக்கும்.

1. ஒரு கிழமை ஒண்டும் வாங்காமல் எழுதுங்கோ

ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கி, விடிய 4 மணியில இருந்து இரவு மாடு கட்டி முடியும் மட்டும் ஆர் என்ன வேலை செய்யினம், எவ்வளவு நேரம் போகுது எண்டு ஏழு நாள் எழுதுங்கோ. நானும் கறக்கிறதிலதான் நேரம் போகுதெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். எழுதிப் பாத்தால் ரெண்டு நேரக் கறவைக்கும் சேர்த்து மூண்டு மணித்தியாலம், ஆனால் கிணத்தில இருந்து தண்ணி அள்ளிக் காவிறதுக்கும் புல்லு வெட்டிக் கொத்திறதுக்கும் அஞ்சரை மணித்தியாலம். அந்தக் கணக்கு முதலே கையில இருந்திருந்தால் மெசின் காசில முதல் தண்ணித் தாங்கிதான் வந்திருக்கும்.

கறவை அஞ்சாறுக்குக் குறைய எண்டால் மெசினை மறந்திடுங்கோ. பூட்டிக் கழட்டிக் கழுவிற அரை மணித்தியாலத்துக்குள்ள கை பழகின ஆள் பாதி மாட்டைக் கறந்து முடிச்சிடும். ரெண்டு மூண்டு லீற்றர் குடுக்கிற நாட்டு மாடுகள் எண்டாலும் அதே கதைதான், அதுகள் கண்டு ஊட்டாமல் பால் விடாது.

இன்னொண்டு, பின்னேரப் பாலை ஆர் எடுப்பினம் எண்டு முதலே கேட்டு வையுங்கோ. எங்கட பக்கத்தில கன இடத்தில காலமை மட்டும்தான் பால் சேர்க்கிற வாகனம் வரும். பின்னேரம் கறந்த பாலை இந்த வெக்கையில குளிராக்காமல் ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு மேல வைச்சிருக்கேலாது. மில்கோவோ நெஸ்லேயோ கார்கில்ஸோ கூட்டுறவுச் சங்கமோ, ஆருக்குக் குடுக்கிறியளோ அவையிட்ட "பின்னேரம் எத்தினை மணிக்கு, எந்தச் சந்தியில" எண்டு நேர கேளுங்கோ. பதில் இல்லையெண்டால் ரெண்டு நேரக் கறவைக்குப் போட்ட உங்கட கணக்குப் பிழைக்கும்.

2. கடதாசி அலுவல், இதைத் துவங்க நல்ல நேரம் எண்டு ஒண்டில்லை, இண்டைக்கே போங்கோ

முதல் போகவேண்டிய இடம் உங்கட கால்நடை வைத்திய அலுவலகம். பண்ணையைப் பதிஞ்சு, மாடுகளுக்குக் காதில இலக்கத் தோடு அடிப்பிச்சுக்கொள்ளுங்கோ. கொண்டு போறது: அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவையாளரின்ர கடிதம், காணிப் பத்திரத்தின்ர பிரதி, எத்தினை மாடு, என்ன இனம், என்ன வயசு எண்ட விபரம். மானியத்தில மெசின் குடுக்கிற திட்டங்கள் வருசா வருசம் வருமெண்டில்லை, வாற நேரம் பதிஞ்ச பண்ணையைத்தான் கூப்பிடுவினம், அதால பேரைக் குடுத்து வையுங்கோ.

கடன் எடுக்கிறதெண்டால் என்னட்டக் கேட்டது இவ்வளவும்: வைத்தியரின்ர சிபாரிசுக் கடிதம், வாங்கப் போற சாமானுக்கு ரெண்டு கொட்டேசன், கடைசி ஆறு மாசப் பால் சிட்டை, பிணைக்கு ரெண்டு பேர், காணிப் பத்திரம். பால் சிட்டையை எறியாதேங்கோ. நான் எறிஞ்சனான், பேந்து சங்கத்தில போய்க் கெஞ்சிப் பழைய பதிவைப் பாத்து எழுதி எடுத்தது.

காணிதான் பெரிய பொறி. வன்னியில எங்களில கனபேருக்கு இருக்கிறது பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில குடுத்த காணி. அதை ஈடு வைக்கிறதெண்டால் பிரதேச செயலாளரின்ர சம்மதம் இல்லாமல் ஒண்டும் நடக்காது. எங்கட பெர்மிட் அப்பப்பாவின்ர பேரில இருந்தது, மூலப் பிரதி இடம்பெயர்வில துலைஞ்சு போச்சுது. பிரதேச செயலகக் காணிக் கிளையில பதிவைத் தேடி எடுத்து, அப்பாவின்ர பேருக்கு மாத்திற அலுவலைத் துவக்கி, கடைசியில காணியை விட்டிட்டுப் பிணையாளரோடதான் கடன் எடுத்தனான். மொத்தம் 11 கிழமை போனது, அதில அஞ்சு கிழமை அந்தக் காணிக் கடதாசிக்குப் பின்னால. பிணைக்கு அரச உத்தியோகத்தில இருக்கிற சொந்தக்காரர் இருந்தால் முதலே கதைச்சு வையுங்கோ, கடைசி நேரத்தில கேட்டால் ஒருத்தரும் போன் எடுக்கமாட்டினம்.

காப்புறுதி போட்டால் தோட்டைக் கிழமைக்கு ஒருக்காத் தடவிப் பாருங்கோ. எங்கட மாடு ஒண்டு பத்தைக்குள்ள தோட்டைக் கழட்டிப்போட்டு வந்தது, திருப்பி அடிப்பிப்பம் எண்டு ஒரு மாசம் இழுத்தடிச்சன், அதுக்குள்ள மாடு செத்துப்போச்சுது. தோடு இல்லாத மாட்டுக்குக் காசு தரமாட்டம் எண்டிட்டினம். பிழை என்னில.

3. தண்ணி, நிலம், கரண்ட்

கலப்பு மாடொண்டு ஒரு நாளைக்கு 60 லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும், நல்லாக் கறக்கிறது வெய்யில் காலத்தில 100 வரைக்கும் போகும். வாளியில காட்டிற தண்ணி காணவே காணாது. 1,000 லீற்றர் தாங்கி, பைப், ரெண்டு சீமெந்துத் தொட்டி, தண்ணி நிரம்பினால் தானா நிக்கிற போல் வால்வ், மேசன் கூலி எல்லாம் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுது. இரவிலயும் தொட்டியில தண்ணி இருந்ததால ரெண்டு கிழமையிலயே நாளுக்கு அஞ்சாறு லீற்றர் பால் கூடினது. இந்தப் பண்ணையில நான் போட்ட காசில கெதியாத் திரும்பி வந்தது இதுதான், ஆனால் இதைப் படம் எடுத்துப் போட்டால் ஒருத்தரும் லைக் போடமாட்டினம்.

நிலத்தைச் சீமெந்து போட்டு மினுக்காதேங்கோ, மாடு வழுக்கி இடுப்பு முறிஞ்சால் அவ்வளவுதான். ஈரமா இருக்கேக்க விளக்குமாத்தால கோடு இழுத்து விடச் சொல்லுங்கோ. 50 அடிக்கு ஒரு அடி சரிவு இருந்தால் மூத்திரம் தானா வாய்க்காலுக்கு ஓடும், அதைப் புல்லுப் பாத்திக்குத் திருப்பி விடலாம்.

கரண்ட் விசயத்தில நான் செய்த மொக்கு வேலை, வீட்டில இருந்து கொட்டிலுக்கு மெல்லிய வயரை இழுத்தது. தூரம் போகப் போக வோல்டேஜ் இறங்கும், மோட்டர் சூடேறும், கடைசியில எரியும். எரிஞ்சது. பேந்து தடிச்ச கேபிள் போட்டு, எர்த் கம்பி தனிய அடிச்சு, ட்ரிப் சுவிச்சும் பூட்டினது. எர்த் ஏன் முக்கியம் எண்டால், கொஞ்சநாளா மாடுகள் ஒரு தொட்டியில மட்டும் வாயை வைக்கும், உடன தலையை வெட்டி எடுக்கும். தண்ணியில ஏதோ மணம் எண்டு நினைச்சு மூண்டு தரம் தொட்டியைக் கழுவினம். வயறிங் செய்யிற தம்பி ரெஸ்ரரை வைச்சுப் பாத்திட்டுத்தான் சொன்னான், "அண்ணை, பைப்பில கரண்ட் கசியுது." எங்களுக்குத் தெரியாத கசிவு மாட்டுக்குத் தெரியும். வயறிங் காசில சிக்கனம் பாக்காதேங்கோ.

4. புல்லு

சிஓ 3 எண்ட தீவனப் புல்லை நட்டு, முதல் வெட்டு ரெண்டரை மாசத்தில, அதுக்குப் பிறகு ஒண்டரை மாசத்துக்கு ஒருக்கா. புல்லுக் கொத்திற மெசின், 2 குதிரைவலு, எனக்கு 95 ஆயிரம். கொத்தின புல்லைப் பொலிதீன் போட்டுக் காத்துப் புகாமல் அமத்தி வைச்சால் ஒரு ஒண்டரை மாசத்தில சைலேஜ், அதாவது புளிக்க வைச்ச தீவனம், ஆகும், ஆனி தொடக்கம் புரட்டாதி வரைக்கும் காஞ்சு கிடக்கேக்க அதுதான் கை குடுக்கும். கொத்திற மெசினுக்குக் கிட்ட சால்வை, நீட்டுக் கை, தளந்த சாரம் ஒண்டோடயும் ஆரையும் விடாதேங்கோ. கை உள்ள போகாமல் மறைக்கிற வாய்த் தகட்டைக் கழட்டினால் கெதியா வேலை முடியும் எண்டு ஆரும் சொன்னால் அண்டைக்கே அந்த ஆளை வேற வேலைக்கு மாத்துங்கோ.

5. ஆக்கள்

இதைத்தான் நான் கடைசியா யோசிச்சனான், இதுதான் மெசினுக்கு முதல் வந்திருக்கோணும். எங்கட பண்ணையில இப்ப அப்பா, நான், தம்பி, பிறகு சம்பளத்துக்கு ஒரு அக்காவும் ஒரு பெடியனும்.

குடும்ப ஆக்களில இருந்து துவங்குங்கோ. தம்பிக்கு மாசச் சம்பளம் குடுக்கிறன். முதல் "வீட்டு வேலைக்கு என்ன சம்பளம்" எண்டு அம்மா பேசினவ, ஆனால் சம்பளம் இல்லாத ஆளிட்ட ஏன் பிந்தி வந்தாய் எண்டு கேக்கேலாது. கேட்டால் சண்டை, கேக்காட்டி மற்ற ரெண்டு பேரும் பாத்துக்கொண்டுதான் இருப்பினம்.

வேலைக்கு எடுக்கிற ஆக்களுக்கு, என்ன வேலை, எத்தினை மணிக்கு, எவ்வளவு சம்பளம், எந்த நாள் லீவு எண்டு ஒரு தாளில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ. சட்டப்படி ஆகக் குறைஞ்ச மாசச் சம்பளம் 2025 ஏப்ரலில 27,000 ஆச்சு, 2026 ஜனவரியில இருந்து 30,000. ஒராள் வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டோணும், உங்கட பங்கு 12 வீதம், அவரின்ர சம்பளத்தில கழிக்கிறது 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் இன்னொரு 3 வீதம். 35,000 சம்பளம் எண்டால் உங்களுக்கு 40,250 செலவு, அவருக்குக் கையில 32,200. இதை முதல் நாளே இருத்தி வைச்சு விளங்கப்படுத்துங்கோ. நான் சொல்லாமல் கழிச்சு, முதல் மாசமே அந்த அக்கா காசை எண்ணிப்போட்டு ஒண்டும் பேசாமல் அடுத்த நாள் வரேல்லை. வீட்டுக்குப் போய்க் கணக்கைக் காட்டின பிறகுதான் திரும்பி வந்தவ. பதிவு உங்கட பகுதித் தொழில் அலுவலகத்தில, அடையாள அட்டைகளோட போங்கோ.

லீவு. வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஓகஸ்ற் 15 மடு மாதா திருவிழா, பிறகு ஒவ்வொருத்தரின்ர ஊர்க் கோயில் திருவிழா. அண்டைக்கு ஒருத்தரும் நிக்கமாட்டினம், மறிச்சாலும் நிக்கமாட்டினம், மறிக்கவும் கூடாது. ஆனால் மாட்டுக்குப் பொங்கல் தெரியாது. வருசத் துவக்கத்திலயே கலண்டரைக் கொழுவிவைச்சு, ஆர் எந்தத் திருவிழாவுக்குப் போறது, ஆர் நிக்கிறது எண்டு பேர் எழுதுங்கோ. நிக்கிற ஆளுக்கு அண்டைக்கு ரெட்டைச் சம்பளம். காலபோக விதைப்பு நேரமும் மாசி பங்குனி அறுவடை நேரமும் ஆள் மாறிப் போறது கூட, வயலில நாட்கூலி கூட வரும். அந்த ரெண்டு காலத்துக்கும் நான் மாசம் 3,000 மேலதிகமாக் குடுக்கிறன், ஆள் போய்ப் புதாளைப் பழக்கிற செலவோட பாத்தால் அது சும்மா.

அட்வான்ஸ் குடுக்கத்தான் வேணும், குடுக்காமல் ஏலாது. ஆனால் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல குடுக்காதேங்கோ. முந்தி ஒரு பெடியனுக்கு 90 ஆயிரம் குடுத்து, கடன் ஏறினதால முகம் பாக்க வெக்கப்பட்டே அவன் வேலைக்கு வாறதை நிப்பாட்டிட்டான். காசும் போச்சு, நல்ல கறவைக்காரனும் போயிட்டான்.

ஊக்கக் காசை லீற்றருக்குக் குடுக்காதேங்கோ, இது நான் பட்ட பாடு. லீற்றருக்கு எண்டால் கடைசிச் சொட்டு வரைக்கும் மடியைப் பிழிவினம், மெசினைக் கழட்டமாட்டினம், மடிவீக்கம் வரும். இப்ப நான் குடுக்கிறது ரெண்டு விசயத்துக்கு: மடிவீக்கம் இல்லாமல் போற ஒவ்வொரு மாசத்துக்கும், பிறகு மாடு வேட்கைக்கு வந்ததைக் கண்டு சொன்னால் 500. 21 நாளுக்கு ஒருக்காத்தான் வேட்கை வரும், ஒண்டைத் தவறவிட்டால் மூண்டு கிழமைத் தீவனம் வீண். காலமை கண்டால் பின்னேரம், பின்னேரம் கண்டால் அடுத்த நாள் காலமை சினை ஊசி போடவேணும், அதால கண்ட உடன வட்ஸ்அப்பில ஒரு குரல் பதிவு போடச் சொல்லியிருக்கிறன். அக்காவுக்கு எழுதிறது கஸ்டம், கதைக்கிறது கஸ்டமில்லை.

கமரா பூட்டினனான். ரெண்டாம் கிழமையே கழட்டினனான். இருந்த நாள் முழுக்க அந்த ரெண்டு பேரும் மாட்டைப் பாக்காமல் கமராவைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவை.

6. இனி மெசின்

12 கறவைக்கு ஒரு வாளி மெசின் காணும், ஆனால் காம்பில பூட்டிற செற் ரெண்டு இருக்கவேணும். ஒண்டெண்டால் மாட்டுக்கு ஏழெட்டு நிமிசப்படி ஒண்டரை மணித்தியாலம் தாண்டும், வாகனம் வந்து கோன் அடிக்கும். நான் குடுத்தது 2 லட்சத்து 60 ஆயிரம். 1 குதிரைவலு மோட்டர் நாளைக்கு மூண்டு மணித்தியாலம் ஓடினால் மாசம் 70 யூனிட் வரையில வரும், பில்லைப் பாத்து மயங்கி விழாதேங்கோ.

கடையில கேக்க வேண்டியது: காம்பு றப்பரும் பல்சேற்றரும் (காம்பை விட்டு விட்டு உறிய வைக்கிற பாகம்) இப்ப கையிருப்பில இருக்கோ, எனக்கு ரெண்டு செற் றப்பர் மெசினோடயே தருவியளோ, பழுதானால் ஆர் வருவினம், கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ வருவினமோ, இல்லாட்டி நான் கொழும்புக்குக் காவவேணுமோ. எனக்கு வித்த இடத்தில "அண்ணை எல்லாம் இருக்கு" எண்டு சொல்லிப்போட்டு, றப்பர் கேட்க நாலு மாசம் "அடுத்த கிழமை" எண்டவை. இப்ப நான் காசு கட்டமுன்னம் உதிரிப் பாகத்தை மேசையில வைக்கச் சொல்லிக் கேப்பன்.

கரண்ட் நிண்டால் என்ன செய்யிறது எண்டதையும் அங்கயே கேளுங்கோ. பெற்றோல் எஞ்சினால பம்பைச் சுத்திற மாதிரி எடுத்தால் சின்ன ஜெனறேற்றருக்குத் தனியக் காசு போகாது.

வெற்றிட மீற்றரில 42 தொடக்கம் 45 கிலோபஸ்கால் நிக்கோணும். கூட வைச்சால் கெதியாக் கறக்கும் எண்டு வித்த ஆளே சொன்னார், கேக்காதேங்கோ, காம்பு நுனி புண்ணாகும். பல்சேற்றர் நிமிசத்துக்கு 60 தரம் அடிக்கவேணும். போனில நேரத்தை வைச்சு அரை நிமிசம் "டிக்" சத்தத்தை எண்ணுங்கோ, 30 வந்தால் சரி. மாசம் ஒருக்கா எண்ணுறன், ஒருக்கா 22தான் வந்தது, உள்ளுக்க தூசி.

7. மாட்டைப் பழக்கிற 10 நாள்

முதல் மூண்டு நாள் மெசினைப் பூட்டாதேங்கோ. கையால கறக்கேக்க பக்கத்தில மெசினைச் சும்மா ஓட விடுங்கோ, சத்தம் பழகட்டும். நாலாம் நாள் ஆகச் சாதுவான மாட்டில துவங்குங்கோ. நாங்கள் மயிலையில துவங்கினம், ஆறு கண்டு போட்ட மாடு. அக்கா ஒரு கையை அதின்ர முதுகில வைச்சபடி மற்றக் கையால காம்பைத் துடைச்சு, ஒவ்வொரு காம்பிலயும் ரெண்டு பீச்சுக் கறுப்புத் துணி கட்டின கோப்பைக்குள்ள எடுத்துத் மடிவீக்கத்தால திரி திரியா இருக்கோ எண்டு பாத்தா. பிறகு ஒவ்வொண்டாப் பூட்டினா. மயிலை ஒருக்காக் காலைத் தூக்கினது, வைச்சது, தவிட்டுக்குள்ள மூஞ்சையைப் புதைச்சிட்டுது. கண்ணாடிப் பைப்புக்குள்ள வெள்ளையா ஓடினதைப் பாத்து அப்பா எழும்பிக் கிட்ட வந்து நிண்டார், அண்டைக்குச் செருமேல்லை.

நேரம்தான் இதில எல்லாம். துடைச்சு ஒண்டு ஒண்டரை நிமிசத்துக்குள்ள பூட்டோணும், மாடு சுரக்கிறது ஆறேழு நிமிசத்துக்குத்தான். எல்லா மாட்டையும் முதலே கழுவி வைச்சிட்டு ஒண்டொண்டாப் பூட்டினால் கடைசி மாட்டுக்குச் சுரப்பு அடங்கிப் போயிருக்கும், பேந்து மெசின் சரியில்லை எண்டு பேசுவியள். பைப்பில பால் நிண்ட உடன வெற்றிடத்தை மூடிப்போட்டுத்தான் கழட்டவேணும். மூடாமல் இழுத்தால் காம்பு காயப்படும். கழட்டினதும் அயடின் தோய்ச்சு, புல்லுப் போட்டு அரை மணித்தியாலம் படுக்க விடாமல் நிக்க வையுங்கோ, காம்புத் துவாரம் அப்ப திறந்தபடிதான் இருக்கும்.

கண்டு இல்லாமல் சுரக்காத மாட்டுக்கு முன்னால கண்டைக் கட்டி விடுங்கோ. அப்பவும் விடாட்டி அதைக் கையாலயே கறவுங்கோ. எங்களிட்ட ரெண்டு அப்பிடி இருக்கு, ஒரு வருசமாச்சு, அதுகள் மாறேல்லை, நாங்கள்தான் மாறினம்.

மடிவீக்கம் உள்ளதைக் கடைசியில கறவுங்கோ. அன்ரிபயோரிக் ஊசி போட்டால் மருந்துப் பெட்டியில போட்டிருக்கிற நாள் முடியும் வரைக்கும் அந்தப் பால் வேற வாளிக்குள்ள, விக்கிற பால் கான் பக்கமே போகக்கூடாது.

8. கழுவிறதும் றப்பரும்

முடிஞ்ச கையோட முதல் பச்சைத் தண்ணி, கொதி தண்ணி இல்லை. எடுத்த உடன சுடுதண்ணி விட்டால் பால் அவிஞ்சு ஒட்டிக்கொள்ளும். பிறகு கை பொறுக்காத சூட்டில கழுவிற பவுடர், பிறகு திரும்பப் பச்சைத் தண்ணி, தலைகீழாக் கொழுவிக் காய விடுங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிற தண்ணி, அதே படிவு பைப்புக்குள்ளயும் படிஞ்சு கிருமிக்கு வீடாகும், அதால கிழமைக்கு ஒருக்கா அசிற் கழுவல். பவுடரையும் அசிற்றையும் ஒண்டாக் கலக்கவே கூடாது. ரெண்டு போத்தலையும் வேற வேற நிறத்தில வாங்கி, வேற வேற தட்டில வையுங்கோ, வாசிக்கத் தெரியாத ஆளும் மாறி எடுக்கக்கூடாது.

காம்பு றப்பர் பாக்க நல்லாத்தான் இருக்கும், நம்பாதேங்கோ. 2,500 கறவைக்கு மேல வைச்சிருக்கக்கூடாது. 12 மாடு, ரெண்டு நேரம், நாளைக்கு 24. ரெண்டு செற்றில பிரிச்சால் ஒண்டுக்கு 12, எண்டால் 208 நாள், ஆனால் றப்பர் ஆறு மாசத்துக்கு மேல தாங்காது, அதால ஆறு மாசம் எண்டு வையுங்கோ. ஒரு செற்தான் எண்டால் 104 நாளில மாத்தவேணும். நான் மாத்தின திகதியைக் கொட்டில் தூணில பெயின்றால எழுதி வைச்சிருக்கிறன், தாளில எழுதினதை மாடு திண்டிட்டுது.